மூன்றடுக்குத் துணியும் வீட்டுத் தையல் இயந்திரமும்

பல இல்லங்களில் தையல் இயந்திரம் ஒரு மூலையில் உறை போர்த்தப்பட்டு நிற்கிறது. ரவிக்கையின் பிரிந்த தையலைச் சரிசெய்யவும், திரைச்சீலையின் ஓரத்தை மடித்தடிக்கவும் மட்டுமே அது திறக்கப்படுகிறது. அதே வீட்டின் பீரோவில் நைந்த பருத்திச் சேலைகளும், வெட்டியபின் மிஞ்சிய துணிகளும் சேர்ந்துகொண்டே போகின்றன. இவ்விரண்டையும் இணைத்துப் பயனுள்ள பொருள்களாக மாற்றும் கலையே அடுக்குத் தையல். கடைகளில் இதனைக் குவில்டிங் என்பர்.

மேலே ஒரு துணி, நடுவே மெத்தென்ற ஓர் அடுக்கு, அடியில் ஒரு துணி. இம்மூன்றும் நகராதபடி ஊடுருவிச் செல்லும் தையல் வரிகள். அடுக்குத் தையலின் இலக்கணம் இவ்வளவே. வடநாட்டு ரஜாய் முதல் குழந்தையின் தொட்டில் விரிப்பு வரை எல்லாம் இந்த இலக்கணத்தில் அடங்கும். எவ்விதச் சிறப்பு இயந்திரமும் இன்றி, வீட்டில் உள்ள சாதாரண இயந்திரத்திலேயே மூன்று சிறு பொருள்களைச் செய்யும் முறையை இக்கட்டுரை படிப்படியாக விளக்குகிறது. அவற்றை விற்க எண்ணுவோர் போடவேண்டிய கணக்கும் இறுதியில் தரப்பட்டுள்ளது.

ஏன் சிறிய வேலை?

அடுக்குத் தையல் என்றவுடன் பலர் கட்டில் விரிப்பிலிருந்தே தொடங்க விரும்புகின்றனர். அது பெரும்பாலும் பாதியில் நின்றுவிடுகிறது. காரணம் ஆர்வக் குறைவு அன்று, இயந்திரத்தின் அமைப்பே. ஊசிக்கும் அதன் வலப்புறத் தூணுக்கும் இடையே வீட்டு இயந்திரங்களில் ஆறேழு அங்குல இடைவெளியே உண்டு. கட்டில் விரிப்பின் பாதியைச் சுருட்டி அந்தச் சிறு இடைவெளிக்குள் நுழைத்துத்தான் நடுப்பகுதியைத் தைக்க வேண்டும். அதன் எடை மேசையிலிருந்து கீழே இழுக்க, தையல் கோணும்.

ஓர் அடிக்குள் அடங்கும் பொருளில் இத்தொல்லை இல்லை. ஒரே அமர்வில் முடிக்கலாம்; பிழை நேர்ந்தால் இழப்பது ஒரு கைக்குட்டை அளவு துணியே. அடுத்த பொருளில் அப்பிழையைத் திருத்திக்கொள்ளவும் இயலும். ஒரு பெரிய விரிப்பைத் தைத்து முடிப்பதற்குள் பத்துச் சிறு பொருள்களைத் தைத்துப் பத்து முறை கற்றுக்கொள்ளலாம்.

கையூசி மரபும் இயந்திர முறையும்

நம் நாட்டில் இக்கலை புதியதன்று. வங்காளத்துப் பெண்கள் பழைய சேலைகளையும் வேட்டிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சேலைக் கரையிலிருந்து உருவிய நூலாலேயே ஓட்டுத் தையலிட்டுக் காந்தா விரிப்புகளைச் செய்தனர். பீகாரின் சுஜனி வேலை புவிசார் குறியீடு பெற்றது. மகாராட்டிரத்தில் கோதடி, இராசத்தானிலும் கட்ச் பகுதியிலும் ரல்லி, கர்நாடகத்தின் சித்தி இன மக்களிடையே கவந்தி என, பெயர்கள் வேறாயினும் கருத்து ஒன்றே: தனியே நின்றால் கிழியும் பழந்துணி, அடுக்காக நின்றால் உழைக்கும்.

கவந்தி செய்யும் சித்திப் பெண்கள் விரிப்பின் ஓரத்தில் தொடங்கி, சுற்றிச் சுற்றி உள்நோக்கித் தைத்து நடுவில் முடிப்பர். இயந்திரத்தில் இம்முறை ஒத்துவராது. கையூசி ஒவ்வொரு தையலிலும் துணியைச் சற்றே நீவிச் சரிசெய்துகொண்டு போகும். இயந்திரம் அவ்வாறு நிற்பதில்லை. ஓரத்திலிருந்து தொடங்கினால், சிறிது சிறிதாகத் தள்ளப்படும் துணி நடுவில் கூடாரம்போல் எழும்பி நிற்கும். அது வெளியேற வழியில்லை. ஆகவே இயந்திர அடுக்குத் தையலின் முதல் விதி: நடுவில் தொடங்கி ஓரத்தை நோக்கிச் செல்ல வேண்டும்.

துணி ஏன் தள்ளப்படுகிறது? ஊசிக்குக் கீழே உள்ள பற்கள் அடித்துணியைப் பற்றிப் பின்னோக்கி நகர்த்துகின்றன. மேலிருந்து அழுத்தும் பாதமோ மேல்துணியைத் தேய்த்து நிறுத்தப் பார்க்கிறது. ஆகவே அடித்துணி விரைந்தும் மேல்துணி தயங்கியும் செல்கின்றன. ஒரு தையலில் கண்ணுக்குத் தெரியாத இந்த வேறுபாடு, நூறு தையலில் ஒரு மடிப்பாகத் திரண்டுவிடும். கீழே வரும் எல்லா அறிவுரைகளும் இந்த ஒரு வேறுபாட்டைக் கட்டுப்படுத்தவே சொல்லப்படுகின்றன.

துணியும் நடு அடுக்கும்

மேலும் கீழும் பருத்தித் துணியே ஏற்றது. வழுவழுப்பான செயற்கைத் துணிகள் எளிதில் நழுவும். தொடக்கத்தில் அவற்றைத் தவிர்க்கவும். புதிய துணியாயின் வெட்டுவதற்கு முன் ஒருமுறை நனைத்து உலர்த்தி இஸ்திரி போட வேண்டும். பருத்தி முதல் சலவையில் சுருங்கும். தைத்தபின் சுருங்கினால் தையல் வரிகளுக்கிடையே சுருக்கம் விழும். சிவப்பு, கருநீலம் போன்ற அடர் வண்ணங்கள் சாயம் விடுகின்றனவா என்பதையும் அப்போதே அறிந்துகொள்ளலாம். ஈரத் துணியை வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்த்தால் போதும்.

நடு அடுக்குக்குக் கடைகளில் வாடிங் என்ற பெயரில் தகடாக விற்கப்படும் பஞ்சைப் பயன்படுத்தலாம். அது பருத்தியாலும் பாலியெஸ்டராலும் கிடைக்கிறது. பழைய துண்டு, பிளானல் துணி, நைந்த வேட்டியின் இரண்டு மூன்று மடிப்பு ஆகியனவும் நன்கு பயன்படும். தலையணைக்குள் அடைக்கும் உதிரிப் பஞ்சு இதற்கு உதவாது. சலவையில் ஓரிடத்தில் திரண்டுவிடும்.

ஓர் எச்சரிக்கை மிக முக்கியமானது. சூடான பாத்திரத்தைத் தொடும் பொருளில் பாலியெஸ்டரைப் பயன்படுத்தலாகாது. அது வெப்பத்தில் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். கையிலுள்ள வாடிங் எவ்வகை என்று தெரியாவிட்டால், ஒரு சிறு துணுக்கை இடுக்கியால் பிடித்து, நீருள்ள தட்டின் மேல் எரித்துப் பார்க்கவும். பருத்தி காகிதம்போல் எரிந்து மென்மையான சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிக் கடினமான மணியாகும்.

இயந்திரத்தை ஆயத்தம் செய்தல்

புதிய ஊசி ஒன்றைப் பொருத்துங்கள். இரண்டு துணியும் மெல்லிய வாடிங்கும் என்றால் 14 எண் ஊசி போதும். அடுக்கு தடித்தால் 16 எண் ஊசி வேண்டும். முனை மழுங்கிய ஊசி, துணியைத் துளைப்பதற்குப் பதிலாக உள்ளே தள்ளும். சுமார் எட்டு மணி நேரத் தையலுக்கு ஒருமுறை ஊசியை மாற்றுவது நல்லது. பஞ்சு அடுக்கிலிருந்து தூசு மிகுதியாக உதிரும். எனவே ஊசித் தகட்டின் அடியையும் பாபின் பகுதியையும் ஒவ்வொரு வேலைக்குப் பின்னும் தூரிகையால் துடைக்கவும்.

தையல் நீளத்தைச் சற்றுக் கூட்டி, ஓர் அங்குலத்துக்கு எட்டு முதல் பத்துத் தையல் விழுமாறு வைக்கவும். பாதத்தின் அழுத்தத்தைக் குறைக்கும் திருகு இயந்திரத்தின் மேற்புறத்தில் இருந்தால், அதனைச் சிறிது தளர்த்தவும். பாதம் மென்மையாக அழுத்தினால் மேல்துணி குறைவாகவே பின்தங்கும்.

மேல்துணியையும் பற்றி நகர்த்தும் வாக்கிங் புட் என்னும் தனிப் பாதமும் கடைகளில் உண்டு. மிக உதவியானது, ஆயினும் சிறு பொருளுக்கு இன்றியமையாதது அன்று. வாங்குவதாயின் உங்கள் இயந்திரத்தின் பழைய பாதத்தைக் கடைக்குக் கொண்டு சென்று பொருந்துமா என்று பார்த்தே வாங்குங்கள்.

அடுத்து நூலிறுக்கம். எலியாஸ் ஹோவ் 1846-இல் காப்புரிமை பெற்ற இயந்திரம் முதல் இன்றுவரை, இவ்வகை இயந்திரங்கள் மேல் நூலையும் கீழ் நூலையும் ஒன்றோடொன்று பிணைத்தே தைக்கின்றன. அந்தப் பிணைப்பு நடு அடுக்குக்குள் மறைந்திருந்தால் இறுக்கம் சரி. மேற்புறத்தில் கீழ் நூல் புள்ளிபுள்ளியாகத் தெரிந்தால் மேல் இறுக்கம் மிகுதி, தளர்த்துங்கள். அடிப்புறத்தில் நூல் வளையம் வளையமாகத் தொங்கினால் மேல் இறுக்கம் குறைவு. அப்போது திருகைத் தொடுவதற்கு முன், பாதத்தை உயர்த்திவைத்து நூலை மீண்டும் ஒருமுறை கோக்கவும். பாதம் தாழ்ந்திருக்கையில் கோத்தால் நூல் இறுக்கத் தட்டுகளுக்கிடையே அமராது. பெரும்பாலான வளையங்களுக்கு அதுவே காரணம். இச்சோதனையை வெட்டித் துணியாலான ஒரு சிறு மாதிரி அடுக்கில் செய்து முடித்த பின்னரே உண்மையான பொருளைத் தொட வேண்டும்.

முதல் பாடம்: பாத்திரப் பிடிதுணி

முடிந்த அளவு: 8 அங்குலச் சதுரம்.

1. மேல்துணி, அடித்துணி ஆகியவற்றை 9 அங்குலச் சதுரமாக ஒவ்வொன்று வெட்டவும். பருத்தி வாடிங் அல்லது பழைய துண்டில் அதே அளவில் இரண்டு வெட்டவும். தையல் விழ விழத் துணி சற்று உள்வாங்கும். அதற்காகவே ஓர் அங்குலம் கூடுதல்.

2. மேல்துணியின் நடுவே தையற் சாக்கால் ஒரு செங்குத்துக் கோடு இடவும். அதன் இருபுறமும் ஓர் அங்குல இடைவெளியில் மும்மூன்று கோடுகள்; மொத்தம் ஏழு. கோடுகள் துணியின் இழை செல்லும் திசையிலேயே அமையட்டும். மூலைவிட்டக் கோடுகள் அழகாகத் தோன்றினும், அத்திசையில் துணி இழுபடும். கை பழகிய பின் அவற்றை முயலலாம்.

3. அடித்துணியை நல்லபுறம் கீழே இருக்குமாறு மேசையில் விரித்து, அதன்மேல் வாடிங்கையும், மேல்துணியை நல்லபுறம் மேலே இருக்குமாறும் அடுக்கவும். நடுவிலிருந்து வெளிநோக்கி உள்ளங்கையால் நீவவும்.

4. மூன்று நான்கு அங்குலத்துக்கு ஒன்றாக, கோடுகளின் மேல் படாதவாறு ஊக்குகளைக் குத்தவும். ஊக்குக்குப் பதிலாகக் கையால் நீண்ட நூலோட்டம் இடலாம். இந்தப் பத்து நிமிட வேலையைத் தவிர்க்க நினைப்போர், பிறகு தையலைப் பிரிப்பதற்கு அதைவிட நெடுநேரம் செலவிடுவர்.

5. நடுக்கோட்டை முதலில் தைக்கவும். பின்னர் அதன் வலப்புறக் கோடுகளை ஒவ்வொன்றாகவும், அடுத்து இடப்புறக் கோடுகளையும் தைக்கவும். எல்லாக் கோடுகளையும் ஒரே ஓரத்திலிருந்து தொடங்குங்கள். ஒன்று மேலிருந்தும் அடுத்தது கீழிருந்தும் தொடங்கினால், இரு வரிகளுக்கிடையே துணி எதிரெதிர்த் திசைகளில் இழுக்கப்பட்டுச் சாய்ந்த சுருக்கம் விழும்.

6. இரு கைகளையும் ஊசியின் இருபுறமும் தட்டையாக வைத்து, துணியை மெல்ல வழிநடத்தவும். முன்னிருந்து தள்ளவோ பின்னிருந்து இழுக்கவோ வேண்டாம். இழுத்தால் ஊசி வளைந்து தகட்டில் மோதி முறியும்.

7. தைத்து முடிந்ததும் அளவுகோல் வைத்து 8 அங்குலச் சதுரமாகச் சீராக வெட்டவும்.

இனி ஓரப்பட்டி. இரண்டரை அங்குல அகலமும் 40 அங்குல நீளமும் உள்ள துணிப்பட்டி ஒன்றை நீளவாக்கில் இரண்டாக மடித்து இஸ்திரி போடவும். பட்டியின் வெட்டிய ஓரமும் பிடிதுணியின் ஓரமும் ஒன்றாக நிற்குமாறு மேற்புறத்தில் வைத்து, கால் அங்குலம் உள்ளே தைக்கவும். மூலைக்குக் கால் அங்குலம் முன்பே நிறுத்தி, நூலை வெட்டி, பட்டியை நேர் மேலே மடித்து, பின் அடுத்த ஓரத்தை ஒட்டிக் கீழே மடித்து, அந்த ஓரத்திலிருந்து மீண்டும் தைக்கவும். இவ்வாறு மடித்தால் மூலை கூர்மையாக அமையும். சுற்றி முடிந்ததும் பட்டியைப் பின்புறம் திருப்பிக் கையால் ஹெம்மிங் செய்யவும். ஒரு மூலையில் நான்கு அங்குலப் பட்டி ஒன்றை வளையமாகச் செருகிவிட்டால் ஆணியில் மாட்டலாம். நேரான ஓரங்களுக்கு நேராக வெட்டிய பட்டியே போதும். வளைந்த ஓரங்களுக்கு மட்டுமே கிராஸ் பட்டி தேவை.

ஈரமான பிடிதுணியால் சூடான பாத்திரத்தைத் தூக்காதீர்கள். ஈரம் வெப்பத்தை விரைந்து கடத்திக் கையைச் சுடும். பரிசாக அளிக்கும்போது இதனையும் சொல்லி அளியுங்கள்.

இரண்டாம் பாடம்: தட்டு விரிப்பு

முடிந்த அளவு 12-க்கு 18 அங்குலம். முறை முன்னதே, பரப்பு மட்டும் மூன்று மடங்குக்கு மேல். இங்கே கற்கவேண்டியது துணிக் கணக்கு.

தைப்பதற்கு முன் ஒவ்வோர் அடுக்கும் 13-க்கு 19 அங்குலம் இருக்க வேண்டும். 44 அங்குல அகலமுள்ள துணியில் அகலவாக்கில் மூன்று 13 அங்குலமும், நீளவாக்கில் இரண்டு 19 அங்குலமும் அடங்கும். ஆகவே சலவைச் சுருக்கத்துக்குப் பின் 38 அங்குலம் நிற்கும் துணியிலிருந்து ஆறு துண்டுகள் கிடைக்கும். சுருக்கத்தையும் எண்ணி, மேல்துணி 1 மீட்டர் 10 சென்டிமீட்டர், அடித்துணி அதே அளவு என வாங்கினால் ஆறு பேருக்கான தொகுப்பு ஒன்றைச் செய்யலாம். ஒரு விரிப்பின் சுற்றளவு 60 அங்குலம். இணைப்புக்கும் மூலைக்கும் சேர்த்து 70 அங்குலப் பட்டி வேண்டும். ஆறுக்கும் 420 அங்குலம். இரண்டரை அங்குல அகலத்தில் பத்துப் பட்டிகள் என்றால் 25 அங்குலத் துணி. 70 சென்டிமீட்டர் வாங்கினால் போதும்.

ஏறத்தாழ ஒன்றரை அங்குல இடைவெளியில் நீளவாக்கில் வரிகள் இடுக. மிகவும் அகன்ற இடைவெளி விட்டால் வாடிங் உள்ளே நகரும். மிகவும் நெருக்கினால் விரிப்பு அட்டைபோல் விறைக்கும்.

மூன்றாம் பாடம்: வங்கிப் புத்தக உறை

வங்கிப் புத்தகத்தை முழுதாக விரித்து உயரத்தையும் அகலத்தையும் அளக்கவும். இரண்டிலும் அரை அங்குலம் கூட்டினால் அதுவே உறையின் முடிந்த அளவு. இவ்வளவைவிட ஓர் அங்குலம் பெரிதாக மூன்றடுக்கை வெட்டித் தைத்து, பின் சீராக்கவும். இங்கு மெல்லிய வாடிங்கே போதும். தடித்தால் புத்தகம் மூடாது.

உறையின் உயரமே உயரமாகவும், மூன்று அங்குலம் அகலமாகவும் ஒற்றைத் துணியில் இரண்டு துண்டுகள் வெட்டி, ஒவ்வொன்றின் ஒரு நீள ஓரத்தை மடித்தடிக்கவும். இவை புத்தக அட்டை நுழையும் பைகள். உறையின் உட்புறத்தில் இருபக்கமும் ஓரத்தோடு ஓரம் பொருத்தி நூலோட்டமிட்டு, பிடிதுணிக்குச் செய்ததுபோலவே சுற்றிலும் பட்டி தைக்கவும். மூலைகளில் அடுக்கு மிகும். அங்கே மோட்டாரையோ மிதியையோ நம்பாமல், கைச்சக்கரத்தைச் சுற்றி ஒவ்வொரு தையலாக இடவும். இதே முறையில் குடும்ப அட்டை, மருத்துவச் சீட்டு ஆகியவற்றுக்கும் உறை செய்யலாம்.

குறைகளும் காரணங்களும்

அடிப்புறத்தில் மடிப்பு விழுந்தால், ஊக்குகள் போதவில்லை அல்லது அடித்துணி தளர்வாக விரிக்கப்பட்டது என்று பொருள். மேற்புறத்தில் ஓரத்தை நோக்கித் துணி தள்ளப்பட்டிருந்தால், பாதத்தின் அழுத்தம் மிகுதி. தையல் இடையிடையே தப்பினால் ஊசி மழுங்கியது அல்லது அடுக்குக்குப் போதாத எண்ணுடையது. நூல் அடிக்கடி அறுந்தால், நூல் பழையதா, ஊசிக் கண் சிறியதா, பாபின் பகுதியில் தூசு சேர்ந்ததா என வரிசையாகப் பார்க்கவும். இயந்திரம் பழுது என்ற முடிவு இவற்றுக்கெல்லாம் பிறகே வரவேண்டும்.

விற்பனைக்கு முன் ஒரு கணக்கு

செய்த பொருள் நன்றாக அமைந்ததும் உறவினரும் அண்டை வீட்டாரும் தமக்கும் வேண்டும் என்பர். வருமானமாக வேண்டிய உழைப்பு அன்பளிப்பாகக் கரைந்துபோவது இவ்விடத்தில்தான்.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். ஆறு விரிப்புகள் கொண்ட தொகுப்புக்குத் துணி, வாடிங், நூல் எல்லாம் சேர்ந்து 900 ரூபாய். ஊசி, மின்சாரம், இயந்திரப் பராமரிப்பு 60 ரூபாய். உழைப்பு 9 மணி நேரம். ஒரு விரிப்புக்குப் பொருட்செலவு 160 ரூபாய்தானே என எண்ணி, 200 ரூபாய்க்கு விற்றால் 1,200 ரூபாய் வரும். மிச்சம் 240 ரூபாய். ஒன்பது மணி நேரத்தால் வகுத்தால், மணிக்கு 27 ரூபாய்கூட இல்லை. உங்கள் உழைப்புக்கு மணிக்கு 80 ரூபாய் என மதிப்பிட்டால், அடக்க விலையே 1,680 ரூபாய்; அதாவது விரிப்பு ஒன்றுக்கு 280 ரூபாய். இதற்குக் கீழ் விற்பது அன்பளிப்பு. மேல் விற்பதே தொழில். இரண்டும் நல்லவையே. எது எது என்பது செய்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவே.

எனவே முதல் பொருளிலிருந்தே ஒரு குறிப்பேட்டில் துணி விலையையும், தொடங்கிய நேரத்தையும், முடித்த நேரத்தையும் எழுதி வாருங்கள். பத்துப் பொருள்களுக்குப் பின் அக்குறிப்பேடு இரண்டு கேள்விகளுக்கு விடை சொல்லும்: உங்கள் கை எவ்வளவு விரைந்திருக்கிறது, எந்தப் பொருளை விற்றால் கட்டுப்படியாகும்.

விலையுயர்ந்த இயந்திரம் வாங்கக் கடன் பெறும் எண்ணம் அதன் பிறகே எழுவது நலம். சிறுதொழிலுக்குப் பிணையின்றிக் கடன் வழங்கும் பிரதமரின் முத்ரா திட்டம் 2015 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை பெறலாம். 2023 செப்டம்பர் 17-இல் தொடங்கப்பட்ட பிரதமரின் விஸ்வகர்மா திட்டத்தின் 18 தொழில்களுள் தையலும் ஒன்று. முன்னரே அத்தொழிலில் ஈடுபட்டிருப்போர்க்கு அது உரியது. தகுதியையும் நடப்பு விதிகளையும் உங்கள் கிளையில் கேட்டறியலாம். அப்போது அந்தக் குறிப்பேட்டையும் எடுத்துச் செல்லுங்கள். மாதத்துக்கு எத்தனை பொருள், ஒன்றுக்கு எவ்வளவு மிச்சம், அதில் எவ்வளவு தவணைக்குப் போகும் என்பதை எழுத்தில் காட்டக்கூடியவர், கடன் தேவையா என்பதைத் தாமே முதலில் அறிந்துகொள்வார்.

இந்த வாரம் தொடங்க விரும்புவோர்க்குத் தேவையானவை: 9 அங்குலத் துணி இரண்டு, ஒரு பழைய துண்டு, புதிய ஊசி ஒன்று, ஒரு மாலைப்பொழுது. முதல் பிடிதுணியின் வரிகள் சற்றுக் கோணியிருந்தாலும் அது சமையலறையில் தன் கடமையைச் செய்யும். அதனை எறியாமல் வைத்துக்கொள்ளுங்கள். பத்தாவது பிடிதுணியை அதனருகே வைத்துப் பார்க்கும்போது, கை கற்றது என்ன என்பது தெளிவாகத் தெரியும்.